வீடியோ மாற்றும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்து வழி காணுங்கள்

கல்யாணப் பதிவு, மஞ்சள் நீராட்டு விழா, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் செல்போனில் எடுத்த காட்சி, ஏற்காட்டு மலையில் நாகலூரிலோ வாழவந்தியிலோ ஒரு மூத்தவர் பாடிய பாட்டு. சேலத்தில் என்னிடம் சரிசெய்ய வரும் வீடியோக் கோப்புகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. பல கோப்புகள் ஏற்கெனவே ஏதோ ஓர் இணையதளத்தில் ஏற்றப்பட்டு, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறி, ஒலி போயோ படம் மங்கியோ வந்து சேர்கின்றன. ஆனால் கோளாறுகள் புதியவை அல்ல. அதே சில கோளாறுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை அறிகுறிவாரியாக, செலவில்லாத தீர்விலிருந்து செலவு பிடிக்கும் தீர்வு வரை இங்கே எழுதியிருக்கிறேன்.

உங்கள் அறிகுறியைத் தேடிப் போவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள்.

முதலில், மூலக் கோப்பை இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். மாற்றிய கோப்பு நன்றாக ஓடுகிறது என்பதற்காக மூலத்தை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை மறுபடி சுருக்கும்போதும் படத்தின் நுணுக்கம் கொஞ்சம் போகிறது. போனதை எந்தத் தளமும் திருப்பித் தராது.

அடுத்து, விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் மூலத்தை ஓடவிட்டுப் பாருங்கள். அங்கே படமும் ஒலியும் சரியாக இருந்தால் கோப்பில் குறையில்லை, ஓட்டும் கருவிக்குத்தான் அது பிடிபடவில்லை. விஎல்சியிலும் ஓடவில்லை என்றால் எந்தத் தளத்திலும் ஏற்றிப் பயனில்லை. நேரே இக்கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். கூடவே மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் நிறுவிக்கொள்ளுங்கள். கோப்பின் உள்ளே என்ன வகைப் படம், என்ன வகை ஒலி, நொடிக்கு எத்தனை பிரேம் (தனித்தனிப் படம்) என்பதை அது எழுதிக் காட்டும். கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு திரையைப் பார்த்தே முடிந்துவிடும்.

பதிவேற்றம் தொடங்கவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது

கோப்பின் அளவைப் பாருங்கள். இலவசத் தளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. சிலவற்றில் 100 எம்பி, சிலவற்றில் 1 ஜிபி. வரம்பைத் தாண்டிய கோப்பைச் சில தளங்கள் முழுவதும் ஏற்ற விட்டு, அதன் பிறகே பணம் கேட்கின்றன. முகப்பில் சின்ன எழுத்தில் இருக்கும் வரம்பை முதலிலேயே படித்துவிடுங்கள்.

அளவு சரி என்றால், செல்போனிலிருந்து ஏற்றுகிறீர்களா? திரை அணைந்தாலோ, வேறு செயலிக்குப் போனாலோ, பிரவுசர் ஏற்றுவதை நிறுத்திவிடக்கூடும். முடியும்வரை திரையை அணையாமல் வைத்திருங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் இணைய வேகம். இங்கே பலர் பார்ப்பது இறக்கும் வேகத்தை, நமக்கு வேண்டியது ஏற்றும் வேகம். 1 ஜிபி என்பது ஏறக்குறைய 8,000 மெகாபிட். ஏற்றும் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் 4,000 நொடி, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஏற்காட்டில் எஸ்டேட் வீடுகளில் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஏறி இறங்கும்போது அந்த ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் கிடைப்பது அரிது. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் ரூட்டரும் நின்றுவிடும். பல தளங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை, ஏற்றியது அத்தனையும் வீண். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது ஏற்றிவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் போன் ஒரு கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

தினசரி டேட்டாவையும் கணக்கில் எடுங்கள். நாளுக்கு 2 ஜிபி திட்டத்தில் 1.2 ஜிபி கோப்பை ஏற்றி, மாற்றிய கோப்பை இறக்கும்போது டேட்டா தீர்ந்து வேகம் படுத்துவிடும். மாற்றும் தளத்தின் மேல் குற்றமில்லை.

தீர்வு: வீடியோவில் தேவையான பகுதி சிறியதென்றால் லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் அதை மட்டும் வெட்டி எடுத்து ஏற்றுங்கள். அது படத்தை மறுபடி சுருக்காமல் வெட்டுவதால் தரம் குறையாது. முழு வீடியோவும் வேண்டும், கணினியும் இருக்கிறது என்றால் இணையத் தளமே வேண்டாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை ஒரு முறை இறக்கி நிறுவினால் போதும், அதன் பிறகு இணையம் இல்லாமலே மாற்றலாம். 500 எம்பிக்கு மேற்பட்ட எதையும் நான் தளங்களில் ஏற்றுவதே இல்லை.

எப்போது கடைக்கு வர வேண்டும்: வீட்டில் கணினி இல்லை, கோப்பு பெரியது என்றால். ஒரே ஒரு கல்யாண வீடியோவுக்காக மாதச் சந்தா கட்டாதீர்கள். மெமரி கார்டையோ பென் டிரைவையோ எடுத்துக்கொண்டு அடுத்த முறை டவுனுக்கு வரும்போது கொடுத்துவிடலாம்.

மாற்றியாயிற்று, ஆனால் டிவியில் ஓடவில்லை

என்னிடம் அதிகமாக வரும் கோளாறு இதுதான். டிவி என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*கோப்பின் பெயரே பட்டியலில் தெரியவில்லை.* முதலில் பென் டிரைவைப் பாருங்கள். பழைய டிவிகள் பல ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவை மட்டுமே படிக்கும். எக்ஸ்ஃபேட் என்றால் காலியாகக் காட்டும். கணினியில் பென் டிரைவின் பண்புகளைத் திறந்தால் எந்த முறை என்று தெரியும். மாற்ற வேண்டுமானால் உள்ளே இருப்பதையெல்லாம் பிரதி எடுத்த பிறகே ஃபார்மட் செய்யுங்கள், அதில் இருப்பது அனைத்தும் அழிந்துவிடும். ஃபேட்32-இல் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பு அதில் ஏறாது. பென் டிரைவில் 20 ஜிபி இடம் இருந்தும் “இடம் போதாது” என்பதுபோல் ஒரு செய்தி வந்தால் காரணம் இதுவே. இரண்டு மணி நேர வீடியோவை நொடிக்கு 4 மெகாபிட் அளவில் மாற்றினால் 3.6 ஜிபியில் அடங்கிவிடும்.

*பெயர் தெரிகிறது, ஆனால் “ஆதரிக்கப்படாத கோப்பு” என்கிறது.* மீடியாஇன்ஃபோவில் படத்தின் வகையைப் பாருங்கள். ஹெச்இவிசி அல்லது ஏவி1 என்ற புதிய சுருக்கும் முறை இருந்தால் பழைய டிவிக்கு அது தெரியாது. பழைய முறையான ஹெச்.264 (மீடியாஇன்ஃபோவில் ஏவிசி) என்றே இருந்தும் ஓடவில்லை என்றால் அதே திரையில் நிற நுணுக்கம் 10 பிட் என்று இருக்கிறதா பாருங்கள். சில புதிய கேமராக்கள் 10 பிட்டில் பதிவு செய்கின்றன. 10 பிட் ஹெச்.264-ஐ வீட்டு டிவிகள் அநேகமாக ஏற்பதில்லை.

தளத்தில் “எம்பி4” என்று தேர்ந்தெடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. எம்பி4-க்குள் ஹெச்இவிசியும் இருக்கலாம், ஹெச்.264-உம் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் பல்சக்கரக் குறியை அழுத்தி, படம் ஹெச்.264, ஒலி ஏஏசி என்று கையால் தேர்ந்தெடுங்கள். ஹேண்ட்பிரேக்கில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்ற தயார் அமைப்பு இந்த இரண்டையும் தானே வைத்துத் தரும். இந்தச் சேர்க்கை ஓடாத டிவியைக் காண்பது அரிது.

*பெயரை மட்டும் மாற்றிய கோப்பு.* எம்கேவி என்று முடியும் பெயரை எம்பி4 என்று திருத்தி எழுதிவிட்டு, மாற்றிவிட்டேன் என்று கொண்டு வருகிறார்கள். டப்பாவின் மேல் அரிசி என்று எழுதினால் உள்ளே இருக்கும் பருப்பு அரிசியாகாது. பெயர் மாற்றம் பலிக்கும் ஓர் இடம் உண்டு: எம்4வி என்று முடியும் கோப்பை எம்பி4 என்று மாற்றினால் டிவி ஏற்றுக்கொள்ளக்கூடும், ஏனென்றால் இரண்டும் உள்ளே ஒன்றே.

*ஓடுகிறது, ஆனால் விக்கி விக்கி ஓடுகிறது.* பென் டிரைவை டிவியின் இன்னொரு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். அடுத்து வேறு பென் டிரைவ். இரண்டிலும் திணறினால் கோப்பு நொடிக்கு அனுப்பும் மெகாபிட் அளவு டிவிக்கு மிஞ்சியது. 1080பி அளவில் நொடிக்கு 5 முதல் 8 மெகாபிட்டில் மாற்றினால் வீட்டு டிவிக்குத் தாராளம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் ஹெச்இவிசி வடிவில் பதிவு செய்கின்றன. செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றிவிட்டால் இனி எடுக்கும் சாதாரண வீடியோக்கள் ஹெச்.264-இல் வரும். இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் ஒவ்வொன்றையும் மாற்றும் பாடு மிச்சம்.

நாளை காலை விசேஷம், இன்றிரவு டிவியில் ஓடவில்லை என்றால் எதையும் மாற்றாதீர்கள். லேப்டாப்பை எச்டிஎம்ஐ கம்பியால் டிவியோடு இணைத்து விஎல்சியில் ஓட்டுங்கள். அவசரத்தில் மாற்றிக் கெடுப்பதைவிட ஒரு கம்பி வாங்குவது மேல்.

எப்போது ஆளைக் கேட்க வேண்டும்: திருவிழாவிலோ மண்டபத்திலோ பெரிய எல்இடி திரையில் போடுவதாக இருந்தால். அந்தத் திரைகளின் அளவு டிவி அளவில் இருக்காது. திரை போடுபவரிடம் எத்தனை பிக்சல் அகலம், உயரம், எந்த வடிவம் என்று முதலில் கேளுங்கள். அரை நிமிடத் துண்டு ஒன்றை முந்தைய நாளே கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

படம் வருகிறது, ஒலி இல்லை

டிவியில் ஒலி இல்லை, விஎல்சியில் இருக்கிறது என்றால் ஒலியின் வகைதான் சிக்கல். மீடியாஇன்ஃபோவில் டிடிஎஸ் அல்லது ஏசி3 என்று இருக்கும். இங்கே படத்தைத் தொடவே கூடாது. இணையத் தளங்கள் பல, ஒலியை மாற்றச் சொன்னாலும் படத்தையும் சேர்த்து மறுபடி சுருக்கிவிடும், ஹேண்ட்பிரேக்கும் அப்படியே. அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் படத்துக்குக் ‘காப்பி’, ஒலிக்கு ‘ஏஏசி’, வெளியீட்டுக்கு ‘எம்பி4 மக்ஸர்’ என்று வைத்துச் சேமியுங்கள். படம் அப்படியே இருக்கும், ஒலி மட்டும் மாறும், முழு மாற்றத்தைவிடப் பல மடங்கு விரைவாகவும் முடியும்.

பழைய பட்டன் போனில் எடுத்த, பெயர் 3ஜிபி (.3gp) என்று முடியும் கோப்புகளில் ஒலி ஏஎம்ஆர் வகையில் இருக்கும். சில தளங்கள் அதை வாசிக்கத் தெரியாமல் ஒலியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் தருகின்றன. படம் 176-க்கு 144 பிக்சல் அளவில் இருக்கும் அந்தக் கோப்புகளில் முகம் தெளிவில்லாவிட்டாலும் மறைந்துபோன பாட்டியின் குரல் இருக்கும். அந்தக் குரலுக்காகத்தான் அவற்றைக் கொண்டு வருகிறார்கள். ஆகவே அந்தக் கோப்பை மாற்றியதும் முதலில் கேட்டுப் பாருங்கள், பிறகு பாருங்கள். இவற்றுக்கு ஹேண்ட்பிரேக் போதும். படத்தைப் பெரிதாக்கச் சொல்லாதீர்கள், இல்லாத தெளிவு அதில் வராது.

விஎல்சியிலேயே ஒலி இல்லை என்றால் மீடியாஇன்ஃபோவில் ஆடியோ என்ற பகுதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கோப்பில் ஒலி பதிவாகவே இல்லை. எடுத்தவரிடம் வேறு பிரதி கேட்பது ஒன்றே வழி.

உதடும் ஒலியும் பொருந்தவில்லை

இதில் இரண்டு வகை உண்டு. விஎல்சியில் ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லி நொடி அளவில் முன்னும் பின்னும் நகர்த்தும். வீடியோவின் தொடக்கத்தில் மேளம் அடிக்கும் இடமோ கைதட்டும் இடமோ பார்த்து, அந்த விசைகளால் பொருத்துங்கள். அதே நிலையில் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தாவிப் பாருங்கள்.

*கடைசியிலும் பொருந்தியிருக்கிறது.* நிலையான இடைவெளி. எத்தனை மில்லி நொடி நகர்த்தினீர்கள் என்று திரையில் தெரியும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அவிடெமக்ஸில் ஒலிப் பகுதியில் ‘ஷிஃப்ட்’ என்ற இடத்தில் கொடுத்துச் சேமியுங்கள். முன்னும் பின்னும் மாறிவிட்டால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி போட்டு மறுபடி செய்யுங்கள்.

*தொடக்கத்தில் பொருந்தி, போகப் போக விலகுகிறது.* செல்போன் பதிவு என்றால் காரணம் அநேகமாக ஒன்றுதான். செல்போன் வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 பிரேம் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும், பிறகு கூட்டும். மீடியாஇன்ஃபோவில் பிரேம் வீதம் ‘வேரியபிள்’ என்று இருக்கும். மாற்றும் தளம் அதைச் சீரான 30 என்று எடுத்துக்கொள்ளும்போது ஒலி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போகிறது. கோயில் கருவறைக்கு எதிரே இருட்டில் எடுத்ததிலும், மலைக்கிராமங்களில் இரவு நடக்கும் கூத்துப் பதிவுகளிலும் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கெட்டுப்போன பிரதியைத் திருத்த முயலாதீர்கள், மூலத்திலிருந்து மறுபடி செய்யுங்கள். ஹேண்ட்பிரேக்கில் வீடியோ பகுதியில் பிரேம் வீதத்தை 30 என்றும், அதன் கீழே ‘கான்ஸ்டன்ட்’ என்றும் வையுங்கள். ‘ஃபாஸ்ட் 1080பி30’ அமைப்பு இதைத் தானாகச் செய்யாது, ‘பீக்’ என்றே விட்டுவைக்கும். கையால் மாற்ற வேண்டும்.

*பழைய கல்யாண டிவிடி.* டிவிடியில் விஓபி என்று முடியும் கோப்புகள் 1 ஜிபி துண்டுகளாக இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தளத்தில் ஏற்றினால் துண்டுக்குத் துண்டு ஒலி நழுவும், நடுவில் ஒரு விநாடி விழுங்கிப் போகும். தாலி கட்டும் நேரம் சரியாக அந்த விநாடியில் வந்துவிட்டால் என்ன செய்வது? துண்டு துண்டாக மாற்றாதீர்கள். ‘வீடியோ_டிஎஸ்’ என்ற கோப்புறை முழுவதையும் கணினிக்குப் பிரதி எடுத்து, அந்தக் கோப்புறையையே ஹேண்ட்பிரேக்கில் திறங்கள். அது எல்லாவற்றையும் ஒரே படமாக எடுத்துக்கொள்ளும்.

எப்போது கொடுக்க வேண்டும்: விலகல் சீராக இல்லாமல், ஒரு பாட்டில் பொருந்தி அடுத்ததில் விலகி மறுபடி பொருந்தினால். அதைத் துண்டு துண்டாக எடிட்டிங் மேசையில் உட்கார்ந்துதான் சரிசெய்ய முடியும். உழைப்பு அதிகம், கூலியும் அதற்கேற்ப இருக்கும்.

படம் மங்கி, சதுரம் சதுரமாகத் தெரிகிறது

மாற்றியதால் வந்ததா, அனுப்பியதால் வந்ததா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்த கோப்பு என்றால் அது வரும் வழியிலேயே சுருக்கப்பட்டுவிட்டது. எடுத்தவரிடம் அதே கோப்பை ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை சுருக்காமல் போகும்.

எத்தனை எம்பிக்குள் எத்தனை நிமிடம் அடங்கும் என்பது எளிய கணக்கு. உதாரணமாக, 16 எம்பி என்பது 128 மெகாபிட். அதில் மூன்று நிமிட வீடியோவை அடைத்தால் நொடிக்கு 0.7 மெகாபிட்தான் கிடைக்கும். 1080பி படத்துக்கு அது எங்கே போதும்? அந்த நிலையில் 480பி என்று அளவைக் குறைத்து மாற்றுங்கள், படம் சிறியதானாலும் சுத்தமாக இருக்கும். ஹேண்ட்பிரேக்கில் தரத்துக்கான ‘ஆர்எஃப்’ எண் சிறியதாக இருந்தால் தரம் கூடும். 20 முதல் 22 வரை வைத்தால் குடும்ப வீடியோவுக்கு நன்றாக வரும். ஏற்கெனவே மங்கிய பிரதியை ‘எச்டி’ ஆக்குவதாகச் சொல்லும் தளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். மூலத்தைத் தேடுங்கள்.

படத்தில் கோடு, வெளிறல், படுத்த படம்

அசையும் இடங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் அது டிவிடியிலிருந்தோ பழைய கையடக்க வீடியோ கேமராவிலிருந்தோ வந்த பின்னல் (இன்டர்லேஸ்) படம், அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிப் பதிந்தது. ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பகுதியில் ‘டீஇன்டர்லேஸ்’ என்பதை இயக்குங்கள். இதைச் செய்யாமல் படத்தின் அளவை மாற்றிவிட்டால் கோடுகள் படத்தோடு ஒன்றிவிடும், பிறகு நீக்க முடியாது.

நிறம் வெளிறிச் சாம்பல் பூத்தது போல் இருந்தால் மூலம் எச்டிஆர் பதிவு, அதாவது வெளிச்ச வேறுபாட்டைக் கூடுதலாகப் பதியும் முறை. ஐபோன் 12 முதல் இது சாதாரணம். போனில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிட்டால் இனி வராது. எடுத்து முடித்ததை எச்டிஆரிலிருந்து முறையாக மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

படுத்த படம்: மூலம் சரியாக இருந்தால், ஹேண்ட்பிரேக்கில் ‘ரொட்டேட்’ என்பதில் 90 பாகை கொடுத்து மறுபடி மாற்றுங்கள். வேலை அவ்வளவுதான்.

தமிழ்த் துணையெழுத்து (சப்டைட்டில்) கட்டம் கட்டமாக, அல்லது ஆங்கில எழுத்தாக வருகிறது

ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் கலந்து வந்தால் அதைத் தட்டச்சு செய்தவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். கேள்விக்குறிகளும் விநோத எழுத்துகளும் வந்தால் எஸ்ஆர்டி என்று முடியும் சப்டைட்டில் கோப்பை நோட்பேடில் திறந்து, ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். நோட்பேடிலேயே எழுத்து கேள்விக்குறியாகத் தெரிந்தால் மட்டும் சேமிக்காதீர்கள், நல்ல பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

கணினியில் சரியாகத் தெரிந்து டிவியில் மட்டும் கட்டம் வந்தால் டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. துணையெழுத்தைப் படத்தோடு பதித்துவிட வேண்டும்: ஹேண்ட்பிரேக்கில் சப்டைட்டில்ஸ் பகுதியில் கோப்பைச் சேர்த்து ‘பர்ன் இன்’ கொடுங்கள். முழுவதும் மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி, கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். பதித்த எழுத்தைப் பிறகு எடுக்க முடியாது.

இறக்கிய கோப்பு வீடியோவாக இல்லை

மாற்றிய வீடியோவுக்குப் பதில் இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, ஏபிகே என்று முடியும் ஏதாவது இறங்கினால் திறக்காதீர்கள். உடனே அழியுங்கள். வீடியோ வேண்டுமானால் எங்கள் மென்பொருளை நிறுவுங்கள், பிரவுசரில் நீட்சியைச் சேருங்கள், அறிவிப்புகளை அனுமதியுங்கள் என்று கேட்கும் தளத்தை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். இலவசமாகக் கோப்பு மாற்றித் தருவதாகச் சொல்லித் தீநிரல் புகுத்தும் போலித் தளங்களைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது.

திறந்துவிட்டீர்கள் என்றால்: இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். கணினியில் வைரஸ் சோதனையை முழுதாக ஓட்டுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் சொல்லுங்கள். இந்த இடத்தில் கடைக்காரரைத் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம்.

நல்ல தளமே ஆனாலும் ஒன்றை யோசியுங்கள். ஏற்றிய கோப்பு யாரோ ஒருவருடைய கணினியில் போய் உட்காருகிறது. சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று எழுதியிருப்பார்கள், நம்மால் சரிபார்க்க முடியாது. வீட்டுப் பெண் பிள்ளையின் சடங்கு வீடியோவையும், குழந்தைகளைக் குளிப்பாட்டும் காட்சியையும் இணையத்தில் ஏற்றி மாற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றை வீட்டுக் கணினியில், ஹேண்ட்பிரேக்கில் மாற்றுங்கள்.

மூலமே திறக்கவில்லை

கோப்பின் அளவு 0 கேபி என்றால் பிரதி எடுக்கும்போது விட்டுப்போயிருக்கிறது. கார்டிலிருந்து மறுபடி பிரதி எடுங்கள். அளவு இருக்கிறது, ஆனால் கார்டில் உள்ளதைவிடக் குறைவு என்றாலும் அதே வேலை. வேறு கார்டு ரீடரையும் மாற்றிப் பாருங்கள், பல நேரம் குற்றம் அதில்தான் இருக்கும்.

அளவும் சரியாக இருந்து திறக்கவில்லை என்றால், பதிவின் நடுவில் பேட்டரி தீர்ந்ததா, போன் கீழே விழுந்ததா என்று எடுத்தவரிடம் கேளுங்கள். செல்போனும் கேமராவும் பதிவை நிறுத்தும்போதுதான் எம்பி4 கோப்பின் அட்டவணையை எழுதி முடிக்கும். நடுவில் அணைந்தால் காட்சிகள் உள்ளே இருக்கும், அட்டவணை இருக்காது. மாற்றும் தளம் எதுவும் இதைத் திறக்காது. அன்ட்ரங்க் என்ற மென்பொருள், அதே போனில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை முன்மாதிரியாக வைத்து அட்டவணையை மறுபடி கட்டும். கணினியில் பழக்கம் உள்ளவர்கள் தாங்களே செய்யலாம். மற்றவர்கள் கடைக்கு வரும்போது கெட்ட கோப்போடு அந்த நல்ல கோப்பையும் கொண்டு வர வேண்டும். அது இல்லாமல் வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்களை அப்படி அனுப்புவது வருத்தமாக இருக்கிறது.

கார்டில் இருந்ததை அழித்துவிட்டாலோ, ஃபார்மட் செய்துவிட்டாலோ, அந்தக் கார்டில் அதன் பிறகு ஒரு போட்டோகூட எடுக்காதீர்கள். வெளியே எடுத்து உறையில் போட்டு வையுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பலவற்றை மீட்டுத் தரும். மீட்டதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.

இனிச் சொல்லும் மூன்று நிலைகளில் எதையும் நீங்களாக முயல வேண்டாம். ஹார்டு டிஸ்க் டக் டக் என்று ஒலி எழுப்பினால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள், மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். நனைந்த கார்டையோ டிஸ்க்கையோ வெயிலில் காய வைத்துச் செருகாதீர்கள். பழைய விஎச்எஸ், மினிடிவி (MiniDV) கேசட்டின் நாடாவில் வெண்மையாகப் பூசணம் தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். ஏற்காட்டு ஈரத்தில் அலமாரியில் கிடந்த கேசட்டுகளில் இது சகஜம். பூசணம் பிளேயரின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், நாடாவும் அறுந்துபோகலாம். கேசட்டைச் சுத்தம் செய்து மாற்றித் தருபவரிடம் கொடுங்கள்.

டிஸ்க் மீட்கும் வேலைக்குத் தூசியில்லாத அறையும் கருவிகளும் வேண்டும். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் உள்ள மீட்பு நிலையங்களுக்கே அனுப்ப வேண்டியிருக்கும், செலவும் அதிகம். அனுப்புமுன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: பரிசோதனைக்குத் தனிக் கட்டணமா, மீளாவிட்டாலும் பணம் கட்ட வேண்டுமா, மீட்கக்கூடிய கோப்புகளின் பட்டியலைப் பணம் வாங்கும் முன் காட்டுவார்களா. மீட்டதை நீங்கள் கொடுக்கும் புதிய டிஸ்க்கில் தரச் சொல்லுங்கள், பழைய டிஸ்க்கையும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.